பாவாடை நாடாவும் மொட்டைமாடிக் கொடியும்



பௌர்ணமி முடிந்த மறுநாள் காலை திருவண்ணாமலையில் ஏதாவது ஒரு லாட்ஜின் மொட்டைமாடிக்குப் போய்ப் பாருங்கள். 14 கிலோமீட்டர் கிரிவலம் நடந்து வந்தவர்களின் துணிகளெல்லாம் கொடியில் வரிசையாகக் காயும். வேட்டி, துண்டு, புடவை, சுடிதார். ஆண்களின் பனியனும் ஜட்டியும் நல்ல வெயிலில் தாராளமாக ஆடிக்கொண்டிருக்கும்.

பெண்களின் பாடியும் ஜட்டியும் எங்கே? ஈரப் புடவைக்கு அடியில் ஒளிந்திருக்கும். இல்லையென்றால் அறைக்குள் ஃபேனுக்குக் கீழே, நாற்காலி முதுகில் கிடக்கும். கிளம்பும் நேரம் வந்ததும் அரைகுறையாகக் காய்ந்ததைப் பையில் திணித்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவோம்.

லாட்ஜில்தான் இப்படியா? நம் வீட்டில் மட்டும் என்ன வாழ்கிறது? சொந்தக் கொடி, சொந்த மாடி. அங்கேயும் ஒரு துண்டைப் போட்டு மூடித்தானே காயப்போடுகிறோம்?

ஆசிரியர் பக்கத்தில் பேசுகிற விஷயமா இது என்று சிலருக்குத் தோன்றலாம். பல வருடங்களாக இந்தப் பக்கத்தில் விலைவாசி பேசியிருக்கிறோம், பிள்ளைகளின் பரீட்சை பேசியிருக்கிறோம், மாமியார் மருமகள் மனஸ்தாபம்கூடப் பேசியிருக்கிறோம். பத்துப் பன்னிரண்டு வயதிலிருந்து கடைசி மூச்சு வரை நம் உடம்போடு ஒட்டிக் கிடக்கும் துணியைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசாமல் இருந்ததால் எத்தனை பேர் அரிப்போடும் புண்ணோடும் காலம் தள்ளுகிறார்கள் என்று உங்கள் கடிதங்களைப் படிக்கும் எனக்கு நன்றாகவே தெரியும்.

முதலில் பாவாடை நாடாவிலிருந்து தொடங்குகிறேன்.

புடவை கட்டும் பெண்கள் இன்று ராத்திரி உடை மாற்றும்போது இடுப்பைக் கொஞ்சம் பாருங்கள். நாடா கட்டும் இடத்தில் சுற்றிலும் கறுத்த ஒரு கோடு இருக்கிறதா? தோல் தடித்து, சொரசொரவென்று ஆகியிருக்கிறதா? பெரும்பாலும் இருக்கும். அம்மாவுக்கும் இருந்தது, பாட்டிக்கும் இருந்தது என்பதால் நாம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

2024 நவம்பரில் பி.எம்.ஜே. கேஸ் ரிப்போர்ட்ஸ் என்ற மருத்துவ இதழில் நம் நாட்டு மருத்துவர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். மகாராஷ்டிராவின் வார்தாவிலும் பீகாரின் மதுபனியிலும் இருக்கும் மருத்துவர்கள் அவர்கள். இரண்டு பெண்மணிகளைப் பற்றி எழுதியிருந்தார்கள். ஒருவருக்கு வயது 70, இன்னொருவர் எழுபதை நெருங்குகிறவர். இருவருக்கும் இடுப்பில், துணியை இறுக்கிக் கட்டும் அதே இடத்தில், ஒரு புண். ஒருவருக்கு ஒன்றரை வருடமாக ஆறவில்லை, மற்றவருக்கு இரண்டு வருடமாக ஆறவில்லை. பரிசோதித்துப் பார்த்தபோது இருவருக்குமே தோல் புற்றுநோய்.

எப்படி வருகிறது? இறுக்கமான கட்டு தினமும் ஒரே இடத்தை அழுத்துகிறது, உரசுகிறது. வியர்வையும் அழுக்கும் அங்கேயே தங்குகின்றன. தோல் மெலிந்து வெடிக்கிறது. அது ஆறுவதற்குள் மறுநாள் அதே இடத்தில் மறுபடியும் கட்டு. பல வருடம் ஆறாமலே இருக்கும் புண் அபூர்வமாகப் புற்றாக மாறும். மருத்துவர்கள் அதை மார்ஜோலின் புண் என்கிறார்கள். வேட்டியை இறுக்கிக் கட்டும் ஆண்களுக்கும் இப்படி வருவதை 1940-களிலேயே இந்திய மருத்துவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இது மிக மிக அரிதான நோய். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. இடுப்பில் கோடு இருக்கும் எல்லோருக்கும் புற்று வரப்போவதில்லை. ஆனால் அந்தக் கோட்டில் ஒரு புண் வந்து வாரக்கணக்கில் ஆறாவிட்டால் மஞ்சள் பத்துப் போட்டு மூடி வைக்காதீர்கள். திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போல உங்கள் ஊர்ப் பக்கத்தில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மற்றவர்களுக்கு வேண்டியது சின்ன மாற்றம்தான். கயிறு மாதிரி இருக்கும் நாடாவை எடுத்துவிட்டு அகலமான துணிப் பட்டை வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். தெருமுனை டெய்லரே செய்து தருவார். ஒரு நாள் கொஞ்சம் மேலே, மறுநாள் கொஞ்சம் கீழே என்று இடம் மாற்றிக் கட்டுங்கள். புடவை நழுவிவிடுமே என்ற பயத்தில்தானே இத்தனை இறுக்கம்? கொசுவத்துக்கு ஒரு நல்ல ஊக்கு போட்டால் அந்தப் பயம் பாதி குறையும். வீட்டில் இருக்கும் நேரத்தில் தளர்த்திவிடுங்கள். தீபத்துக்கோ பௌர்ணமிக்கோ மலை சுற்றப் போகிறீர்களா? இரவு முழுக்க வியர்வையில் நடக்கப் போகிற இடுப்பு அது. அன்றைக்காவது நாடா தளர்வாக இருக்கட்டும். உள்ளே இருப்பது பருத்தியாக இருக்கட்டும். மாற்றுவதற்கு ஒரு உலர்ந்த செட் பையில் இருக்கட்டும்.

தொடை உரசிப் புண்ணாகி, அஷ்ட லிங்கங்களில் பாதியைத் தாண்டுவதற்குள் காலை அகட்டி அகட்டி நடக்கும் பெண்களைக் கிரிவலப் பாதையில் பார்த்திருக்கிறேன். கேட்டால் செருப்பு போடாததால் கால் வலி என்பார்கள். பாவாடைக்குள் முட்டி வரை வரும் ஒரு பருத்தி ஷார்ட்ஸ் போட்டால் அந்த வேதனையே இருக்காது. இதை யாரும் யாருக்கும் சொல்வதில்லை.

ஏன் சொல்வதில்லை? வெட்கம். காலங்காலமாக நம் பெண்களுக்கு இருக்கும் கூச்சம், நம் பண்பாடு என்று அதற்கு ஒரு காரணமும் சொல்கிறோம். உண்மையிலேயே அது காலங்காலமாக இருப்பதுதானா?

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் வெண்கலக் கூடத்துக்கு அடுத்த முறை போனால் பெருமாளின் இரு தேவியரையும் நின்று பாருங்கள். சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் ஸ்ரீதேவிக்கு மார்பில் கச்சு இருக்கும், பூதேவிக்கு இருக்காது. எது யார் என்று கண்டுபிடிக்க ஆய்வாளர்கள் பார்க்கும் அடையாளங்களில் இது முக்கியமானது. மாமல்லபுரத்தில் மகிஷனோடு போர் புரியும் துர்க்கை கச்சு கட்டியிருக்கிறாள். சிவன் கோயில் அம்பிகைத் திருமேனிகள் பெரும்பாலும் கச்சு இல்லாதவை. அவற்றைச் செய்த சிற்பியும் கும்பிட்ட ராணியும் கூசவில்லை. கச்சு கட்டுவதும் இயல்பு, கட்டாததும் இயல்பு என்று அன்றைய கண்கள் பார்த்திருக்கின்றன.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். செங்கம், போளூர் பக்கத்துக் கிராமங்களில் ரவிக்கை போடாத பாட்டிகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் உங்களில் எத்தனையோ பேர் இருப்பீர்கள். தமிழ்நாடு முழுக்க அப்படித்தான். பின்கொசுவம் வைத்துக் கட்டி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, களை எடுத்தார்கள், நாற்று நட்டார்கள், சந்தைக்குப் போனார்கள். ஊரே அவர்களைக் கும்பிட்டது. அவர்களை வெட்கம் கெட்டவர்கள் என்று யாராவது சொல்வார்களா?

அதே தமிழ் மண்ணில் மார்பை மூடியதற்காக அடி வாங்கிய பெண்களும் இருந்தார்கள். இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. அன்று சாணார் என்று அழைக்கப்பட்ட நாடார் சமூகத்துப் பெண்கள் தோளில் சீலை போடக்கூடாது. மேல்சாதிக்காரர் முன்னால் மார்பை மூடுவது மரியாதைக் குறைவு என்று கருதுவது அன்றைய வழக்கம். கிறிஸ்தவ சமயத்துக்கு மாறிய பெண்கள் குப்பாயம் என்ற சட்டையைப் போட்டுக்கொள்ளலாம் என்று, 1812-க்கும் 1814-க்கும் இடையில், பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த கர்னல் மன்றோ அனுமதித்தார். அதைப் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போன பெண்களின் மேலாடை நடுத்தெருவில் கிழிக்கப்பட்டது. மூடலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் போடுவது போலத் தோள்சீலை போடக்கூடாது என்று 1829-ல் அரசு ஆணை வந்தது. அந்தப் பெண்கள் விடவில்லை. 1858 கடைசியில் பெரும் கலவரம் மூண்டு, வீடுகளும் பள்ளிகளும் எரிந்தன. சென்னை கவர்னர் சார்லஸ் ட்ரெவெல்யன் அழுத்தம் கொடுத்த பிறகு, 1859 ஜூலை 26 அன்று மகாராஜா உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா எல்லா நாடார் பெண்களும் மார்பை மூடிக்கொள்ளலாம் என்று அறிவித்தார். அதிலும் மேல்சாதிப் பெண்களின் பாணியில் மட்டும் கூடாது என்று ஒரு நிபந்தனை ஒட்டிக்கொண்டிருந்தது. மற்ற ஒடுக்கப்பட்ட சமூகங்கள் இன்னும் அரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. கொல்லம் அருகே பெரிநாட்டில் புலையர் சமூகத்துப் பெண்கள் அடிமைச் சின்னமான கல்மாலைகளை அறுத்துப் போட்டுவிட்டு ரவிக்கை அணிந்தது 1915-ல், அய்யன்காளியின் தலைமையில்.

இந்த வரலாற்றை நம் பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பகுதியிலிருந்து பரீட்சைக்குக் கேள்வி கேட்கக்கூடாது என்று சி.பி.எஸ்.இ. 2016-ல் சொன்னது. 2019-ல் ஆடைகளின் வரலாறு பற்றிய பாடமே என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்திலிருந்து எடுக்கப்பட்டது. எனக்கு அதில் இன்னமும் வருத்தம் உண்டு. ஒரு பெண் எதை மூட வேண்டும், எதைத் திறக்க வேண்டும் என்பதை ராஜாவும் ஊராரும் முடிவு செய்த காலம் ஒன்று இருந்தது என்று தெரிந்தால்தானே, இன்று கொடியில் துண்டு போட்டு மூடும் மகள் யாருக்காக மூடுகிறோம் என்று யோசிப்பாள்?

நாம் இன்று போடும் பிராவும் பெரிய பழசு ஒன்றும் கிடையாது. ஐரோப்பியப் பெண்கள் பல நூற்றாண்டுகள் திமிங்கலத்தின் வாயிலிருந்து எடுத்த தகடும், பிறகு எஃகுக் கம்பியும் வைத்த கார்செட்டில் இடுப்பை இறுக்கிக்கொண்டு மூச்சு முட்ட வாழ்ந்தார்கள். 1889-ல் பாரிஸில் எர்மினி கடோல் என்ற பெண்மணி அதை இரண்டாக வெட்டி, மேல் பாதியைத் தோள்பட்டையில் தொங்கவிட்டார். நியூயார்க்கில் மேரி ஃபெல்ப்ஸ் ஜேக்கப் என்ற இளம்பெண் ஒரு விருந்துக்குக் கிளம்பும்போது, கார்செட் கம்பி மெல்லிய கவுனில் துருத்திக்கொண்டு தெரிந்ததாம். இரண்டு பட்டுக் கைக்குட்டையையும் ஒரு ரிப்பனையும் சேர்த்துத் தைத்துக்கொண்டார். 1914-ல் அதற்குக் காப்புரிமை வாங்கி, பிறகு 1,500 டாலருக்கு ஒரு கம்பெனிக்கு விற்றுவிட்டார். முதல் உலகப்போரில் எஃகு தட்டுப்பாடு வந்தபோது கார்செட் வாங்காதீர்கள் என்று அமெரிக்க அரசே 1917-ல் பெண்களைக் கேட்டுக்கொண்டது. ஏ, பி, சி, டி என்ற கப் அளவுகள் 1930-களில்தான் வந்தன. இவ்வளவுதான் அதன் வயது. நம் கொள்ளுப்பாட்டியைவிடச் சின்னது!

புடவைக்குள் பாவாடை, மேலே ரவிக்கை என்று இன்று இந்தியா முழுக்க இருக்கும் முறை பரவியதும் 1860-களுக்குப் பிறகுதான். ரவீந்திரநாத் தாகூரின் அண்ணி ஞானதானந்தினி தேவி பம்பாயில் பார்த்துப் பழகி, கல்கத்தா குடும்பங்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த உடை அதில் முக்கியமானது. வீட்டை விட்டு வெளியே வந்து நான்கு பேரோடு பழகப் பெண்களுக்கு வசதியான உடை வேண்டும் என்பது அவரது கவலை. நமக்கும் அதே கவலைதானே?

இப்போது நம் வீட்டுக்கு வருவோம்.

மகள் பெரியவளானால் நாம் என்ன செய்கிறோம்? தெரு முழுக்க ஃப்ளெக்ஸ் வைக்கிறோம். மண்டபம் பிடிக்கிறோம். மாமன் சீர்த் தட்டு வரிசை வீதியை அடைக்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்திலேயே நெய்யும் ஆரணிப் பட்டை அந்தச் சின்ன உடம்பில் சுற்றி, ஆரி வேலை செய்த ஜாக்கெட் போட்டு மேடையில் உட்கார வைக்கிறோம். அந்தப் பட்டுக்குள்ளே அவள் என்ன போட்டிருக்கிறாள்? பல வீடுகளில் அக்காவின் பழைய பாடி, ஊக்கு குத்தியது. முதல் பிராவை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படிப் போடுவது, எப்போது மாற்றுவது என்று அவளுக்குச் சொல்லித் தந்தது யார்? சீர் கொண்டுவரும் அத்தைமார்களே, அடுத்த முறை தட்டில் ஒன்றைக் குறைத்துக்கொண்டு, அவள் அளவுக்குப் பொருந்தும் நாலு பருத்தி பிராவும் ஆறு ஜட்டியும் வாங்கித் தனியாக அவள் கையில் கொடுங்கள். ஆயுசுக்கும் உங்களை நினைத்துக்கொள்வாள்.

அளவு என்றதும் ஞாபகம் வருகிறது. கடையில் 34 கொடுங்க, 36 கொடுங்க என்று வாய்க்கு வந்த நம்பரைக் கேட்டு வாங்குகிறவர்கள்தான் நம்மில் அதிகம். வீட்டில் இருக்கும் டேப்பை எடுங்கள். மார்புக்குக் கீழே விலாவைச் சுற்றி ஒரு அளவு, மார்பின் உயர்ந்த பகுதியைச் சுற்றி ஒரு அளவு. முதலாவது பட்டைக்கு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கப்புக்கு. பெட்டியின் மேலேயே அட்டவணை இருக்கும். அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் ஒவ்வொரு முறையும் பாருங்கள். பாரத்தைத் தாங்க வேண்டியது முதுகைச் சுற்றி வரும் பட்டை. தோளில் பள்ளம் விழுகிறது என்றால் பட்டை தளர்ந்துவிட்டது, தோள்பட்டைகள் வேலை செய்கின்றன என்று அர்த்தம். கழுத்து வலிக்கும் முதுகு வலிக்கும் தைலம் தேய்க்கிறோமே, ஒரு முறை இதையும் பார்த்துவிடலாம்.

திருவண்ணாமலைச் சின்னக்கடைத் தெருவாக இருந்தாலும் உங்கள் ஊர் பஜாராக இருந்தாலும், கவுன்டரில் ஆண் நிற்கிறார் என்று கூச்சப்பட்டு, காட்டியதை வாங்கிக் கறுப்புக் கவரில் சுருட்டிக்கொண்டு வராதீர்கள். விற்பனைப் பெண் இருந்தால் கூப்பிட்டுத் தாராளமாகக் கேளுங்கள். காலையிலிருந்து நின்றே வேலை செய்த அந்தப் பெண்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்தது. நீங்கள் போகும் கடையில் ஸ்டூல் இருக்கிறதா என்று ஒரு கண் பார்த்துவிட்டும் வாருங்கள்.

வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. கறுப்பு பிரா போட்டால், கம்பி வைத்தது போட்டால், இரவில் போட்டுக்கொண்டு தூங்கினால் மார்பகப் புற்றுநோய் வரும் என்று. 1995-ல் அமெரிக்காவில் வெளியான ஒரு புத்தகம் இந்தப் பயத்தைப் பரப்பியது. அதே நாட்டில் சியாட்டில் நகரத்து ஃப்ரெட் ஹட்சின்சன் புற்றுநோய் மையம் 1,500-க்கும் மேற்பட்ட பெண்களிடம் விவரம் கேட்டு ஆராய்ந்து, பிராவுக்கும் புற்றுக்கும் தொடர்பு இல்லை என்று 2014-ல் சொல்லிவிட்டது. அந்த ஃபார்வர்டை அடுத்தவருக்குத் தள்ளும் நேரத்தில் மார்பில் கட்டி ஏதாவது தட்டுப்படுகிறதா என்று நீங்களே பாருங்கள். 30 வயது தாண்டியவர்களுக்கு மார்பகத்துக்கும் கர்ப்பப்பை வாய்க்கும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகப் பரிசோதனை செய்கிறார்கள்.

ஜட்டி விஷயத்துக்கு வருகிறேன். கிராமத்து வளரிளம் பெண்களுக்கு இலவச நாப்கின் கொடுக்கும் புது யுகம் திட்டத்தை 2011-ல் தமிழக அரசு அறிவித்தது. நாடே திரும்பிப் பார்த்த திட்டம். நாப்கின் நிற்க வேண்டுமானால் நல்ல எலாஸ்டிக் உள்ள ஜட்டி வேண்டுமே! எலாஸ்டிக் போன ரெண்டே ரெண்டு ஜட்டியை மாற்றி மாற்றித் துவைத்து, ஈரத்தோடு போட்டுக்கொண்டு பள்ளிக்கு ஓடும் பெண் பிள்ளைக்கு நாப்கின் மட்டும் போதுமா? குடும்ப பட்ஜெட்டில் பள்ளிச் சீருடைக்கு இடம் இருக்கிறது, ஷூவுக்கு இடம் இருக்கிறது. இதற்கும் ஒரு வரி எழுதுங்கள். அப்பாக்களே, அந்த வரியைப் பார்த்துக் கண்ணைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். உங்கள் பனியனும் அதே திருப்பூரில் தைத்ததுதான். இலங்கையில் போர் முடிந்த பின் கிளிநொச்சியில் வந்த ஆலைகளில் நம் தமிழ்ப் பெண்கள் வெளிநாட்டு பிராண்டுகளுக்கு உடை தைத்துத்தான் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தினார்கள். உலகத்துக்கே தைத்துக் கொடுக்கும் கைகள் நம்முடையவை.

காயப்போடுவதற்கு மட்டும் ஒரு சலுகையும் கிடையாது. ஈரத்துணியில் பூஞ்சை வளரும். பூஞ்சையால் அரிப்பு வரும். சொரிந்த இடம் புண்ணாகும். மெடிக்கல் ஷாப்பில் பெயர் சொல்லாமல் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த க்ரீமைப் பூசினால் அப்போதைக்கு அடங்கி, பிறகு இன்னும் பரவும். இதைத் தடுக்கக் காசு செலவே இல்லாத மருந்து வெயில். திருவண்ணாமலையில் அதற்குப் பஞ்சமா? மாடியிலேயே, திறந்த கொடியிலேயே போடுங்கள். மாமியார் என்ன நினைப்பார் என்று தயங்கும் மருமகள்கள் இந்தப் பக்கத்தை மடித்து ஹாலில் வைத்துவிடுங்கள். மாமியார்களே, நீங்கள் முதலில் உங்களுடையதை அங்கே போட்டுவிட்டால் மருமகளுக்குத் தனியாகத் தைரியம் சொல்ல வேண்டியதில்லை. அபார்ட்மெண்டில் இருப்பவர்கள் பால்கனியில் வெயில் விழும் மூலையை இதற்கு ஒதுக்குங்கள், சாக்ஸுக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் பாட்டி எப்போது முதல் ரவிக்கை போட்டார்? யார் தைத்தார்கள்? யார் சிரித்தார்கள், யார் திட்டினார்கள்? உங்கள் அம்மாவுக்கு முதல் பாடியை வாங்கித் தந்தது யார்? ராஜா போட்ட ஆணைக்குத் தேதி இருக்கிறது. நம் வீட்டுப் பெண்களின் கதைகளை இதுவரை யாரும் எழுதி வைக்கவில்லை. எண்பது தொண்ணூறு வயதில் இருக்கும் பாட்டிகளிடம் இந்த மாதமே உட்கார்ந்து கேளுங்கள். அவர்கள் சொல்வதை அவர்கள் பேச்சிலேயே எழுதி, ஊர்ப் பெயரோடு எங்களுக்கு அனுப்புங்கள். பெயர் வேண்டாம் என்றால் பெயரில்லாமலே வெளியிடுகிறோம். கார்த்திகை தீபச் சிறப்பிதழில் அதற்காகச் சில பக்கங்களை ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்